லாரி ஏறாத கோலம்

தனியாக இருக்கிறவர்கள் செய்கிற முட்டாள்தனம் எப்போதும் முழுசாக நடந்து முடியும். பாதியில் வந்து "ஏய், என்ன பண்றே?" என்று கேட்க ஆள் இருக்காது. என்னுடையது ஆறு மாதம் நடந்தது. ஒரு தார்ச்சாலை எப்படிக் கெடுகிறது என்று பார்ப்பதற்காகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த நான், அதைக் கெடவிடாமல் காப்பாற்றித் தொலைத்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. எனக்கு இருபத்து மூன்று வயது. திருநெல்வேலிப் பக்கத்தில் சிவில் படித்துவிட்டு, சாலைகளைப் பரிசோதிக்கும் ஒரு தனியார் கம்பெனிக்கு மனுப் போட்டேன். இன்டர்வியூ மெட்ராஸில் நடந்ததால் வேலையும் மெட்ராஸில்தான் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். ஆர்டர் வந்தது, கல்கத்தா என்று போட்டிருந்தது. அப்பா அட்லஸை எடுத்தார். அம்மா முந்தானையை எடுத்தாள்.

லேக் கார்டன்ஸில் ஒரு மூன்றாவது மாடி வீட்டில் பேயிங் கெஸ்டாகச் சேர்ந்தேன். வீட்டுக்கார அம்மாள் நல்லவர். மாஷிமா என்று கூப்பிட வேண்டும் (நம் ஊர் பெரியம்மா, சித்தி மாதிரி, அங்கே வயதான பெண்கள் எல்லோருமே மாஷிமாதான்). நான் மீன் சாப்பிடமாட்டேன் என்று தெரிந்த அன்று, எனக்கு ஏதோ தீராத வியாதி என்பதுபோல என் தலையைத் தடவிக்கொடுத்தார். அவருக்கு வங்காளம் மட்டும் தெரியும். எனக்கு அது மட்டும் தெரியாது. ஆகவே இருவரும் சிரித்தோம். காலையில் ஒரு சிரிப்பு, மாலையில் ஒரு சிரிப்பு.

ஆபீஸிலும் அதே கதைதான். மத்தியானம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவார்கள். நடுவில் யாராவது என் நினைவு வந்து இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொல்வார். சொல்லிவிட்டு, கடமை முடிந்ததென்று திரும்பிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பேசிய வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். திங்கட்கிழமை காலையில் வாயைத் திறந்தால் குரல் கரகரக்கும், சளி பிடித்த மாதிரி. மாஷிமா துளசி போட்டு வெந்நீர் கொடுப்பார். சளி இல்லை, பேசாததால் வந்தது என்று சொல்ல எனக்கு வங்காளம் போதவில்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன். அதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கனத்த லாரிகள் ஒரே தடத்தில் போய்ப் போய், தார்ச்சாலையில் சக்கரம் உருளுகிற இடம் மட்டும் வாய்க்கால் மாதிரி அமுங்கிவிடும். மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும், ஸ்கூட்டர்காரன் சறுக்கி விழுவான். அதற்கு ரட்டிங் என்று பெயர். நான் பள்ளம் என்றே சொல்கிறேன். சாலை என்பது மேலே தெரிகிற கறுப்புத் தோல் மட்டுமில்லை. அடியில் மண், அதன்மேல் கிராவல், அதன்மேல் இறுக்கிய ஜல்லி, அதற்கும் மேலேதான் தார். தாரிலும் இரண்டு அடுக்கு உண்டு. கீழ் அடுக்கில் பெரிய ஜல்லி. சுமை தாங்குவது அதன் வேலை. மேல் அடுக்கில் பொடி ஜல்லி. தண்ணீர் உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. பள்ளத்தைப் பார்த்தே குற்றவாளி யாரென்று ஓரளவு சொல்லிவிடலாம். குறுகலாக அமுங்கி, இரு ஓரமும் வரப்பு மாதிரி பிதுங்கியிருந்தால் தார் வெயிலில் இளகி ஒதுங்கியிருக்கிறது. அகலமாக, தாம்பாளம் மாதிரி இறங்கியிருந்தால் அடிமண் கைவிட்டுவிட்டது.

அலிப்பூரிலிருந்து துறைமுகப் பக்கம் போகும் ஒரு சாலையில், லாரிகள் சுமையோடு போகும் பாதியில் மட்டும், நூறு மீட்டர் நீளத்துக்கு நான்கு துண்டுகளாகப் போட்டோம். கீழே எல்லாம் ஒன்றுதான். தார் அடுக்குகள் மட்டும் துண்டுக்குத் துண்டு வேறு. எது கோடையில் லாரிகளைத் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். முதல், இரண்டாம், நான்காம் துண்டுகள் பெரியவர்களின் யோசனை. மூணாம் நம்பர் மட்டும் என்னுடையது. கீழ் அடுக்கைத் தடிமனாக்கி, மேல் அடுக்கை மெல்லிசாக்க வேண்டும் என்று மீட்டிங்கில் ஒருநாள் குரல் நடுங்கச் சொன்னேன். என் மேலதிகாரி பட்டாசார்யா சார் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். நான் அந்த அறையில் இருக்கிறேன் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

"சரி, போட்டுப் பார்ப்போம்," என்றார். (அவர் என்னிடம் பேசியது இங்கிலீஷில், தமிழில் தருகிறேன்.) "உன் துண்டு மே மாதம் வரை நின்றுவிட்டால், மெட்ராஸ் ஆபீஸில் இதே மாதிரி ஒரு வேலை வருகிறது. அதைப் போட உன்னையே அனுப்பிவிடுகிறேன்."

அவ்வளவுதான். அந்த நிமிடத்திலிருந்து எனக்குத் தார் தெரியவில்லை, ஜல்லி தெரியவில்லை. மூணாம் நம்பர் துண்டு முழுக்க மெட்ராஸ் சென்ட்ரல் ஸ்டேஷன்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்திலிருந்து அம்மாவிடம் சொன்னேன்.

"ஏட்டி, நெசமாவா சொல்லுத? மே மாசம் வந்துருவியா?"

"ரோடு நின்னுட்டா வந்துருவேன்மா."

"ரோடு எங்கட்டி போவப்போவுது? அது பாட்டுக்கு நிக்கும்," என்றாள் அம்மா. அன்று மாலைக்குள் எங்கள் தெரு முழுக்க நான் மே மாதம் வந்துவிட்டேன்.

அளப்பது எளிது. ஒவ்வொரு துண்டின் நடுவிலும் ஓரிடம் குறித்து, அங்கே சாலைக்குக் குறுக்கே நேரான ஒரு இரும்புக் கம்பியை வைக்க வேண்டும். கம்பிக்கும் தாருக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று ஆப்பு மாதிரி இருக்கும் அளவுகோலைச் செருகிப் பார்க்க வேண்டும். வாராவாரம் அதே புள்ளிகளில் அளக்க வேண்டும் என்பதால் அடையாளம் தேவை. ஸ்டோரில் மஞ்சள் பெயிண்ட் கேட்டேன், கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் நானே ஒரு டப்பா வெள்ளை எனாமல் வாங்கி, நான்கு துண்டுகளிலும் வரிசை வரிசையாகப் புள்ளி வைத்தேன். ஒன்பது வரிசை, வரிசைக்கு ஒன்பது புள்ளி. வைத்துவிட்டு எழுந்து நின்று பார்த்தபோதே எனக்குக் கை பரபரத்தது. தமிழ்நாட்டில் பிறந்த எந்தப் பெண்ணும் ஒன்பதுக்கு ஒன்பது புள்ளியை அப்படியே விட்டுவிட்டுப் போகமாட்டாள். நான் போனேன். வேலை என்பதால் போனேன்.

ஒரு மாதம்தான் தாங்கியது. மார்கழி பிறந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில் கேட்டாள்.

"வாசல்ல கோலம் போட்டியா?"

மூன்றாவது மாடியில் எனக்கு ஏது வாசல்? கதவைத் திறந்தால் படிக்கட்டு. படிக்கட்டில் மூன்று வீட்டுச் செருப்புகள். ஆனால் "போட்டேன்மா" என்று சொல்லிவிட்டேன். "என்ன கோலம்?" என்றாள். "தாமரை" என்றேன். "நல்லா இரு" என்று வைத்துவிட்டாள். போனை வைத்த பிறகு என்னால் பூத்தை விட்டு நகர முடியவில்லை. அடுத்த ஆள் கண்ணாடியைத் தட்டினான். அம்மாவிடம் நான் சொன்ன முதல் பொய் அதுவல்ல. ஆனால் அதை மட்டும் பொய்யாகவே விட்டுவைக்க மனம் வரவில்லை.

அறைக்குப் போய் மீதி பெயிண்டையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஞாயிறு காலை, சாலை காலியாகக் கிடந்தது. மூணாம் நம்பரில் குந்தி உட்கார்ந்து புள்ளிகளைச் சேர்த்தேன். பெரிய தாமரை; சாலையின் பாதி அகலத்தை அடைத்துக்கொண்டது. நான்காம் நம்பருக்குப் போவதற்குள் டப்பா தீர்ந்துவிட்டது. (தீராமல் இருந்திருந்தால் இன்னும் பெரிய கோளாறாகியிருக்கும். பெயிண்ட் கம்பெனிக்காரன் நன்றாக இருக்கட்டும்.)

அந்தத் துண்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. நாற்பது வயதுள்ள ஒரு பெண்மணி நடத்தினார்; லாரிக்காரர்கள் எல்லோரும் அவரை பௌதி என்பார்கள், அண்ணி. அவர் அடுப்பைப் பற்றவைக்காமல் நான் வரைவதையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் மண் குவளையில் டீ கொண்டுவந்து கொடுத்து, என் பெயரைக் கேட்டார். அந்த அளவு வங்காளம் எனக்குப் புரியும்.

"பகவதி," என்றேன்.

பௌதி என் முகத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், இரண்டு கைகளையும் நெற்றியில் வைத்துக் கும்பிட்டார். எங்கள் ஊரில் பகவதி என்றால் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். பெயரைக் கேட்டுக் கும்பிட்டவரை அன்றுதான் பார்த்தேன். சரி, இந்த ஊர்ப் பழக்கம் போலிருக்கிறது என்று நானும் திருப்பிக் கும்பிட்டு வைத்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் கோலம் மிதிபடத்தான் செய்யும். காலையில் போடுவோம், எட்டு மணிக்குப் பால்காரர் சைக்கிளை அதன்மேல் நிறுத்துவார், ஒன்பது மணிக்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாதியைச் செருப்பில் எடுத்துக்கொண்டு போயிருக்கும். யாரும் ஒன்றும் நினைப்பதில்லை. நாளைக்கு வேறு கோலம். கோலத்தைச் சுற்றிக்கொண்டு ஒருவன் போவான் என்பது என் புத்தியில் உதிக்க வழியே இல்லை. லாரிக்காரன் போவான் என்பது கனவிலும் இல்லை.

பிப்ரவரி போனது, மார்ச் வந்தது, வெயில் ஏறியது. புதன்கிழமைதோறும் காலையில் போவேன். ஹரிதா (ஹரி அண்ணன் என்று அர்த்தம், பெண் பெயர் இல்லை) என்று ஐம்பது வயது மனிதர் ஒருவர் சிவப்புக் கொடியோடு வந்து சாலையின் அந்தப் பாதியை அடைப்பார். வண்டிகள் மறுபாதியில் போகும். நான் குனிந்து அளப்பேன், நோட்டில் எழுதுவேன், பஸ் ஏறிவிடுவேன். முதல் துண்டில் பள்ளம் விழ ஆரம்பித்தது. ஓரத்தில் வரப்பு கட்டியது. இரண்டாம் துண்டிலும், நான்காம் துண்டிலும் அப்படியே. மூணாம் நம்பரில் கம்பிக்கு அடியில் அளவுகோல் நுழையவே மாட்டேன் என்றது. ஏப்ரல் வெயிலில் மற்ற மூன்றும் விரல் நுழையுமளவு அமுங்கிவிட்டன. மூணாம் நம்பர் போட்ட அன்று இருந்த மாதிரியே இருந்தது. நான் மேதை என்ற முடிவுக்கு மெல்ல வந்துகொண்டிருந்தேன்.

சந்தேகப்பட வேண்டிய விஷயங்கள் கண்ணுக்கு முன்னால் கிடந்தன. ஒன்று, கோலம் அழியவே இல்லை. கோடைப் புயல் மழை இரண்டு முறை கொட்டியும் பளிச்சென்று இருந்தது. ‘அடையாளத்துக்குப் பயன்படுத்திய வெள்ளை எனாமல் மிகத் தரமானது, பிற இடங்களுக்கும் பரிந்துரைக்கிறேன்’ என்று அறிக்கையிலேயே எழுதினேன். இரண்டு, தாமரையின் மூலையில் சின்னச் சின்னதாகச் சில வளைவுகள் இருந்தன. நான் போட்ட நினைவில்லை. போட்டு மறந்திருப்பேன் என்று நினைத்தேன். (தனியாக இருந்தால் மெல்ல மெல்லத் தன் ஞாபகத்தின் மேலேயே நம்பிக்கை போய்விடும். விசாரித்துக்கொள்ள இன்னொரு ஆள் வேண்டும்.) மூன்று, மூணாம் நம்பருக்கு ஓரத்தில் மண்தரை நசுங்கி டயர் தடமாகக் கிடந்தது. ‘இங்கே விதியை மீறி லாரி நிறுத்துகிறார்கள்’ என்று அதற்கும் ஒரு குறிப்பு எழுதினேன். ஆறு மாதம் நான் சாலையைப் பார்த்தேன். சாலையில் போனவர்களை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

மே மாதம் அறிக்கை கொடுத்தேன். பட்டாசார்யா சார் அதை இரண்டு முறை படித்துவிட்டு எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். வேலையைக் கொடுத்த இடத்திலிருந்து இரண்டு பெரிய அதிகாரிகள் நேரில் வந்து பார்ப்பதாக ஏற்பாடாயிற்று. மெட்ராஸுக்கு என் பெயர் போய்விட்டது என்று சார் காதோடு சொன்னார். ஊரில் அம்மா என் அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டாள். மாஷிமா நான் போகப்போவதை எப்படியோ புரிந்துகொண்டு, மாலைச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அந்தக் காலையில் நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு சைட்டுக்குப் போனேன். தார்ச்சாலை பார்க்கப் பட்டுப்புடவை கட்டிப்போன ஒரே இன்ஜினியர் நானாகத்தான் இருப்பேன். அதிகாரிகள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். ஹரிதா கொடியை எடுத்தார். அவர்களில் மூத்தவர் கையமர்த்தினார்.

"அடைக்க வேண்டாம். முதலில் வண்டி போவதைப் பார்ப்போம். பிறகு அளக்கலாம்."

எல்லோரும் பௌதி கடை நிழலில் நின்றோம். பௌதி டீ கொடுத்தார்; எனக்கு மட்டும் இரண்டு கையாலும் கொடுத்தார். இரும்புக் கம்பி ஏற்றிய ஒரு லாரி முக்கிக்கொண்டு வந்தது. முதல் துண்டில் ஏறியது, பள்ளத்தில் இறங்கி ஆடியது. இரண்டாம் துண்டிலும் அப்படியே. மூணாம் நம்பர் நெருங்கியதும் வேகம் குறைந்தது. டிரைவர் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தான். லாரி மண்தரையில் இறங்கி, தாமரையைச் சுற்றி, சாவதானமாக வந்து நான்காம் துண்டில் ஏறிப் போய்விட்டது.

"ஏதோ குழி என்று நினைத்துவிட்டான்," என்றார் பட்டாசார்யா சார்.

அடுத்த லாரி சிமென்ட். அதுவும் சுற்றியது. மூன்றாவது வண்டி நீளமான டிரெய்லர். அது சுற்றுவதற்குப் பட்ட பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. முன்னால் போய், பின்னால் வந்து, கிளீனர் இறங்கி நின்று கைகாட்டி, கோலத்தில் ஒரு இதழ்கூட மிதிபடாமல் நகர்த்திக்கொண்டு போனார்கள். போகும்போது டிரைவர் ஒரு கையை எடுத்து நெஞ்சில் தொட்டுக்கொண்டான். என் கையிலிருந்த மண் குவளை எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியாது.

மூத்த அதிகாரி பௌதியிடம் வங்காளத்தில் கேட்டார். பௌதி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பெருமையாக, நீளமாகப் பதில் சொன்னார். சார் எனக்காக அதை மொழிபெயர்த்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவர் குரல் ஒரு படி இறங்கியது.

"இந்தப் பெண் மதராஸிலிருந்து வந்தவள். பெயர் பகவதி. குளிரில், ஞாயிற்றுக்கிழமை, துணைக்கு யாருமில்லாமல் வந்து நடுரோட்டில் லட்சுமிக்கு ஆல்பனா (அவர்கள் ஊர் மாக்கோலம்) போட்டாள். தாமரை. யாராவது அதன்மேல் வண்டி ஏற்றுவார்களா? நான் டீ குடிக்க வருகிற டிரைவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவர்கள் துறைமுகத்தில் மற்றவர்களிடம் சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமை லட்சுமிக்கு உகந்த நாள் இல்லையா, வாராவாரம் அரிசிமாவு கரைத்து நானே புதுசாக்கிவிடுகிறேன். அம்மாவின் பாதமும் போட்டேன். மதராஸ் பெண்ணுக்கு அது தெரியவில்லை, பாவம், விட்டுவிட்டாள்."

அந்தச் சின்ன வளைவுகள் லட்சுமியின் பாதம். நான் சிபாரிசு செய்த எனாமல், பச்சரிசி மாவு.

மூத்த அதிகாரி சிரிக்க ஆரம்பித்தார். கடையின் மூங்கில் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். பட்டாசார்யா சார் சிரிக்கவில்லை. நான் ஹரிதாவைப் பார்த்தேன். அவர் கொடியைச் சுருட்டிக்கொண்டே தனக்குத் தெரிந்த இந்தியில், என்னை அக்கா என்று அழைத்துச் சொன்னார்.

"எல்லாருக்கும் தெரியும், தீதி. உங்களுக்குத் தெரியாதுங்கிறதுதான் எங்களுக்குத் தெரியாது."

 ஜீப்பில் திரும்பும்போது சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எதுவும் ஏறாத ஒரு சாலையைக் கண்டுபிடித்திருக்கிறாய். அது நூறு வருஷம் நிற்கும்." சற்றுப் பொறுத்து, "மெட்ராஸ் பற்றி அடுத்த வருஷம் பேசலாம்," என்றார். கோலத்தை அழித்துவிட்டு முதலிலிருந்து அளக்க வேண்டும், இன்னொரு கோடை வரை.

பட்டுப்புடவையோடு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மார்கழியில் சொன்ன பொய்யிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். இந்த வருஷம் வரமுடியாது என்பதையும் சொன்னேன். அம்மா அதை விட்டுவிட்டு வேறொன்று கேட்டாள்.

"லாரிக்காரன் ஒன் கோலத்த மிதிக்காம போனானாட்டி?"

"ஆமாம்மா."

"அத்தன பேருமா?"

"அத்தன பேரும்."

"நம்ம பால்காரன் இன்னைக்கும் சைக்கிளை நடுக்கோலத்துலதான் நிப்பாட்டிட்டுப் போறான்," என்றாள். "அப்ப நீ ஒத்தையில இல்லட்டி. நான்தான் இத்தன நாளும் ஒத்தையில கெடக்கியேன்னு அழுதுட்டுக் கெடந்தேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. யாருமில்லை யாருமில்லை என்று குழாயைத் திறந்துவிட்டு நான் அழுத ஆறு மாதமும், பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான பேர் அந்தக் கனத்த ஸ்டியரிங்கை எனக்காக ஒடித்துத் திருப்பியிருக்கிறார்கள். கோலம் போட்ட ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் புதன்கிழமை தவிர அங்கே போனதில்லை. போன நாளிலும் தலையைத் தூக்கியதில்லை. பூத்துக்குள்ளேயே அழுதேன். இந்தமுறை வேறு மாதிரி அழுகை. வெளியே ஆள் கண்ணாடியைத் தட்டினான். தட்டட்டும் என்று இருந்துவிட்டேன்.

கோலத்தை அழிப்பது அதைவிடக் கஷ்டமான காரியம். இரும்பு பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் எடுத்துக்கொண்டு நானே தேய்த்தேன். பௌதி கடையைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டார். ஒரு வாரம் எனக்கு டீ கிடையாது. கோலம் போன பிறகும் லாரிகள் ஏறவில்லை. இருந்த இடம் அவர்களுக்கு மனப்பாடம். கடைசியில் நானே சாலை ஓரத்தில் நின்று, வருகிற லாரிகளை ‘ஏறு, ஏறு’ என்று கையைக் காட்டிக் கூப்பிட்டேன். ஒரு சர்தார்ஜி வண்டியை நிறுத்திவிட்டு, முடியாது என்று தலையாட்டினார். வேறு வழியில்லாமல் செருப்புக் காலோடு தாமரை இருந்த இடத்தில் நடந்து காட்டினேன். அவர் பார்க்கும்படி குதித்தும் காட்டினேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. சர்தார்ஜி கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு வண்டியை ஏற்றினார்.

பௌதி அதைக் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சாயங்காலம் டீ வந்தது. கூடவே அரிசிமாவுக் கிண்ணமும் வந்தது. தன் கடை வாசலைக் காட்டினார். வியாழக்கிழமைதோறும் அங்கே நான் கோலம் போட வேண்டும், பாதம் அவர் போடுவார். அதுதான் சமாதான ஒப்பந்தம். எனக்கு வாசல் கிடைத்தது அப்படித்தான். வங்காளமும் அந்த வாசலில்தான் கற்றேன். இன்றைக்கும் என் வங்காளத்தில் லாரி டிரைவர் வாடை அடிக்கிறது என்பார்கள்.

அடுத்த கோடை முடிந்து அளந்தபோது மூணாம் நம்பரில்தான் நான்கிலும் ஆழமான பள்ளம். மேல் அடுக்கு மெல்லிசாக இருந்ததால் வெயில் சூடு கீழே இறங்கி, என் தடிமனான அடுக்கு முழுசாகப் பிதுங்கிவிட்டது. அதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். பட்டாசார்யா சார், "இப்போது நம்புகிறேன்," என்று கையெழுத்துப் போட்டார். மெட்ராஸ் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மாஷிமா வீட்டில் சிரிப்புக்குப் பதிலாக இப்போது நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம், சுத்த வங்காளத்தில்.

பிறகு ஜாதவ்பூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் கல்யாணமாயிற்று. வீட்டுக்காரர் பாங்க்கில் இருக்கிறார். அவர்கள் இங்கே வந்து பல தலைமுறை. இந்தக் கதையை அவரிடம் சொன்னது நான் செய்த இரண்டாவது முட்டாள்தனம். எங்கள் வீட்டில் உபயோகிக்காமல் புதுசாகவே இருக்கிற எதற்கும் மூணாம் நம்பர் என்று பெயர். விருந்தாளிக்கென்று வைத்திருக்கும் பீங்கான் தட்டுகள் மூணாம் நம்பர். அவர் வாங்கி ஒருநாள்கூடப் போடாத ஓட்டப்பயிற்சி ஷூ மூணாம் நம்பர். என் பொறுமையும் மூணாம் நம்பர்தான் என்பார் அவர். எதுவும் ஏறாத வரை ஜோராக இருக்குமாம்.

எனக்கு இன்னும் அந்தப் பழைய குணம் போகவில்லை. மனம் சரியில்லை என்றால் யாரோடும் பேசாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். மற்ற வீடுகளில் இப்படிப்பட்ட ஆளை மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். எங்கள் வீட்டில் ஐந்து நிமிடத்தில் கதவுக்கு வெளியே என் மகள் அப்பாவைக் கூப்பிடும் குரல் கேட்கும்.

"பாபா, அம்மா மூணாம் நம்பர் ஆயாச்சு. சுத்திப் போகாதே. ஏறிப் போ."

அவர் தட்டாமல் கதவைத் திறந்து, ஈரத் துண்டோடு வந்து நேராக என் கட்டிலின் மேல் உட்காருவார்.